நடந்து வரும் நெருப்பு

ஹவாய்த் தீவின் கிழக்கு ஓரத்தில், பூனா வட்டாரத்தில், லெய்லானி எஸ்டேட்ஸ் என்றொரு குடியிருப்பு. நேர்நேராகப் போட்ட தார்ச்சாலைகள், ஆளுயரப் பெரணிகள், வீட்டைச் சுற்றித் தாராளமாகத் தோட்டம். 2018 மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தார்ச்சாலைகளில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. பிறகு அவை அகலமாயின. உள்ளிருந்து ஆவி வந்தது. மே 3-ம் தேதி மாலை, மரங்களுக்கு நடுவே பூமி கிழிந்து, செக்கச்செவேலென்று குழம்பு பீச்சியடித்தது.

எரிமலை என்றதும் நம் கண்ணில் நிற்பது கூம்பாக ஒரு மலை, உச்சியில் ஒரு வாய், அதிலிருந்து வழியும் தீ. லெய்லானிக்காரர்களுக்கு அது அப்படி வரவில்லை. கீலவேயா எரிமலையின் உச்சி அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. மலையின் தோள்பட்டையில் ‘பூ ஓ ஓ’ என்ற இன்னொரு வாய், 1983-ல் தொடங்கி 35 ஆண்டுகளாகக் கக்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 30 அன்று அதன் தளம் இடிந்து உள்ளே விழுந்தது. அடியில் இருந்த குழம்பு நிலத்துக்குள்ளேயே வழி பிடித்துக் கிழக்கே நகர்ந்து, மூன்றாம் நாள் அடுத்தவர் கொல்லையில் தலைதூக்கியது. மறுநாளே 6.9 அளவுள்ள நிலநடுக்கம் வேறு.

மூன்று மாதம் இது நீடித்தது. 24 இடங்களில் பூமி பிளந்தது. 35 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலம் கற்பாறைக்கு அடியில் போனது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. லாவாவால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்றால், ஒருவரும் இல்லை.

அந்த 700-ஐயும் இந்தச் சுழியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லாவாவின் சுபாவம் பிடிபடும். பெரும்பாலான நேரம் அது நடந்துதான் வரும். பெட்டி கட்ட நேரம் கொடுக்கும், நாயைத் தேடிப் பிடிக்க நேரம் கொடுக்கும், ஃப்ரிட்ஜைக் கூட லாரியில் ஏற்றிவிடலாம். வீட்டையும் அது நின்ற மண்ணையும் மட்டும் விட்டுத்தான் போக வேண்டும். வெள்ளம் வடியும், தீ அணையும், நிலநடுக்கத்தில் இடிந்த வீட்டை அதே மனையில் மறுபடி கட்டலாம். லாவா போன இடத்தில் கட்டுவதற்கு மனை என்ற ஒன்றே இருக்காது.

ரசம், குழம்பு, களி

தமிழில் லாவாவை எரிமலைக் குழம்பு என்கிறோம். யார் வைத்த பெயரோ, பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். லாவாவின் நடத்தை முழுவதும் அதன் பதத்தில்தான் இருக்கிறது. உருகிய பாறையில் சிலிக்கா எவ்வளவு, சூடு எவ்வளவு, வாயுவும் படிகங்களும் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது ரசமாகவும் ஓடும், குழம்பாகவும் நகரும், களியாகவும் நிற்கும்.

களிப் பதத்தில் வருவது ஓடாது. எரிமலையின் வாயிலேயே குவிந்து குன்றாக நிற்கும். நிற்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்தக் குன்று சரிந்தால் சுடுசாம்பலும் வாயுவும் கலந்த மேகம் மலைச்சரிவில் கார் வேகத்தை மிஞ்சிப் பாயும். 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் மலையில் அப்படித்தான் 43 பேர் மாண்டார்கள். எரிமலைகளைப் படமெடுப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த மோரிஸ், காத்யா கிராஃப்ட் தம்பதியும் அவர்களில் அடக்கம். அது வேறு கதை. நாம் பேசுவது ஓடுகிற லாவாவைப் பற்றி.

கீலவேயாவின் பசால்ட் லாவா நடுத்தரக் குழம்பு. பூமியை விட்டு வெளியே வரும்போது 1,150 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு அதற்கு மேல் நடப்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சூட்டில் தளதளவென்று ஓடுகிற பாகு, ஆற ஆற இழுபட்டு, முறுகி, கரண்டியோடு மல்லுக்கு நிற்கும். லாவாவும் அப்படியே. 2018-ல் லெய்லானியில் முதல் இரண்டு வாரம் வந்தது பழைய பாகு. 1955-ல் அதே வட்டாரத்தில் ஒரு முறை எரிமலை கக்கியபோது நிலத்துக்குள் தங்கிப்போன மிச்சம் அது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அறுபது ஆண்டுகள் ஆறிக் கெட்டிப்பட்டிருந்ததால் மெதுவாக ஊர்ந்தது. அப்போது இணையத்தில் பரவிய ஒரு காணொளி நினைவிருக்கலாம். தெருவில் நிறுத்தப்பட்ட ஒரு காரை லாவா நெருங்கும், டயர் பற்றும், பிறகு அவசரமே இல்லாமல் காரை மூடிக்கொண்டு போகும்.

மே பிற்பகுதியில் உச்சியிலிருந்து புதுக்குழம்பு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆட்டமே மாறிவிட்டது. மற்ற பிளவுகள் ஒவ்வொன்றாக அடங்க, 8-ம் எண் பிளவு மட்டும் 80 மீட்டர் உயரம் வரை பீச்சியது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு, தொடக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. மிதிவண்டியில் போனாலும் தப்புவது கடினமான வேகம்.

பாலாடையும் முள்ளும்

ஓடும் பசால்ட் லாவாவுக்கு இரண்டு முகம். இரண்டுக்கும் ஹவாய் மக்கள் வைத்த பெயரையே உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேற்பரப்பு வழுவழுப்பாக, முறுக்கிய கயிறுபோல் மடிப்பு மடிப்பாக உறைவது ‘பாஹோய்ஹோய்’. துண்டு துண்டாக உடைந்து, கண்ணாடிச் சில்லும் முள்ளுமாகக் கிடப்பது ‘ஆ-ஆ’. வெறுங்காலோடு அதன் மேல் நடந்தவர் போட்ட சத்தம்தான் பெயராகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொல்.

ஒரே பிளவிலிருந்து வருவதே முதலில் பாஹோய்ஹோயாக இருந்து, போகப்போக ஆ-ஆவாக மாறும். சூடும் வாயுவும் குறைந்து, சரிவில் இழுபட்டுக் கிழிந்தால் மேல்தோல் உடைந்துவிடும். உடைந்தது மறுபடி வழுவழுப்பாகாது. முறுகிய பாகு திரும்பி வராததுபோல.

ஆ-ஆ வரும்போது சத்தத்தோடு வரும். பீங்கான் தட்டுகளைக் கோணியில் போட்டு இழுத்தால் எழுகிற ஓசை. வீட்டுயரத்துக்கு நிற்கும் கருங்கல் குவியல் ஒன்று, உள்ளே செந்தணல் தெரிய, முன்பக்கம் சரிந்து சரிந்து தான் உதிர்த்த கல் மேல் தானே ஏறி முன்னேறும். டாங்கியின் சங்கிலிச் சக்கரம் போன்ற நடை. சுவரைத் தொடுவதற்கு முன்பே அதன் வெக்கையில் மரச்சட்டங்கள் பற்றிக்கொள்ளும். எரிந்து மிச்சமானதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பாஹோய்ஹோய் சத்தமே போடாது. எனக்கு இதுதான் பயம் தருவது. வரும்போது கணுக்கால் உயரம்கூட இருக்காது. மேலே பாலாடைபோல் கறுப்புத் தோல் கட்டிக்கொள்ளும். பார்க்கிறவர் “ஆறிவிட்டது, நின்றுவிட்டது” என்று நினைப்பார். தோலுக்கு அடியில் குழம்பு வந்துகொண்டேயிருக்கும், தோல் உப்பும், நாட்கள் வாரங்களாகும்போது கணுக்கால் உயரம் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். அந்தத் தோல் கம்பளிபோல் சூட்டைக் காக்கிறது. தடித்து, கூரையாகி, உள்ளே குழாய் உருவாகிவிட்டால் லாவா சூடு குறையாமல் வெகுதூரம் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டிகிரிகூட இழக்காமல் போவதை ஹவாயில் அளந்திருக்கிறார்கள். அப்படி ஓடி வடிந்துபோன பழைய குழாய்தான் அங்குள்ள கசுமுரா குகை. 65 கிலோமீட்டர் நீளம்.

கலபனா என்ற கடலோரக் கிராமத்தை 1990-ல் இந்தச் சத்தமில்லாத லாவாதான் தின்றது. ஒரு நாளில் தின்னவில்லை. மாதக்கணக்கில், வீடு வீடாக. ஊரின் மரத்தாலான சிறு தேவாலயத்தை மக்கள் அடித்தளத்திலிருந்து பெயர்த்து வண்டியில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கறுப்பு மணலுக்குப் பேர்போன கைமு கடற்கரையைப் பெயர்த்து எடுக்க முடியவில்லை.

வாய்க்கால், கரை, உடைப்பு

8-ம் எண் பிளவிலிருந்து கிளம்பிய ஆறு 13 கிலோமீட்டர் ஓடிக் கடலைத் தொட்டது. காவிரிப் படுகையில் வளர்ந்தவர் யாராவது அதைப் பார்த்திருந்தால் புதிதாக எதுவும் தோன்றியிருக்காது. லாவா தன் ஓரங்களில் ஆறி உறைந்து தானே கரை கட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்து வழிந்து கரையை உயர்த்துகிறது. நாளடைவில் வாய்க்கால் சுற்றியுள்ள நிலத்தைவிட மேலே ஓடுகிறது. எங்காவது உறைந்த கட்டி ஒன்று வந்து அடைத்தால் மட்டம் ஏறி, கரை உடைந்து, அதுவரை தப்பித்திருந்த தெருவுக்குள் பாய்கிறது. உடைப்பு எங்கே எடுக்கும் என்று சொல்ல முடியாததுதான் அங்கேயும் பிரச்சினை.

மதகும் இருந்தது. 40 கிலோமீட்டர் தள்ளி, கீலவேயாவின் உச்சியில். அடியில் இருந்த குழம்பு கிழக்கே வடிய வடிய, உச்சியின் தளம் தாங்குவாரற்றுத் தவணை தவணையாக இடிந்து இறங்கியது. மொத்தத்தில் சுமார் 500 மீட்டர் தாழ்ந்தது. ஒவ்வொரு முறை அங்கே நிலம் சரியும்போதும், சில மணி நேரத்துக்குள் இங்கே வாய்க்காலில் மட்டம் ஏறியது. அணையில் தண்ணீர் திறந்தால் கடைமடை எதிர்பார்த்துக் காத்திருக்குமே, அதுபோல அதிகாரிகள் உச்சியின் அதிர்வுக் கருவியைப் பார்த்துக் கீழ்ப்பகுதியை எச்சரிக்க முடிந்தது.

லாவா ஆறு போன வழியில் இருந்த கபோஹோவில், பழைய எரிமலைப் பள்ளம் ஒன்றில் ‘பசுமை ஏரி’ என்று ஒரு நன்னீர் ஏரி. ஜூன் 2 காலை லாவா அதற்குள் இறங்கியது. வெள்ளையாக ஆவி எழுந்தது. பிற்பகலுக்குள் ஏரி இல்லை. அடுத்த மூன்று நாட்களில் கபோஹோ விரிகுடாவும் இல்லை. குடா இருந்த இடத்தில் கறுப்புப் பாறை துருத்திக்கொண்டு நின்றது. கடலோர வீடுகள் நூற்றுக்கணக்கில் அத்தோடு போயின. தீவுக்கு 875 ஏக்கர் புது நிலம் கிடைத்தது.

கொல்லுவது எது?

லாவா நேராக ஆளைத் தொட்டுக் கொல்வது அரிது. அதைச் சுற்றி நடப்பவைதான் கொல்லும்.

கடலில் விழும் லாவாவைப் பார்க்க உலகமே ஆசைப்படுகிறது. செந்நிற அருவி, வெள்ளை ஆவி, இரவில் இன்னும் அழகு. அந்த வெள்ளை வெறும் நீராவி இல்லை. கடல்நீரின் உப்பு சிதைந்து உருவாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொடிக்கண்ணாடியும் கலந்த மேகம். 2000 நவம்பரில் ஹவாயில் அதன் அருகே போன இரண்டு பேர் உயிரிழந்தார்கள். புதிதாக உருவாகும் கரையும் நம்பத்தக்கதில்லை. தளர்ந்த சில்லுகளின் மேல் நிற்கும் பலகை அது. ஏக்கர் கணக்கில் திடீரென்று கடலுக்குள் சரியும். 2018 ஜூலை 16 அன்று சுற்றுலாப் படகு ஒன்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தபோது நீருக்கடியில் வெடித்து, கூடைப்பந்து அளவுக் கல் படகின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. 23 பேருக்குக் காயம். அத்தனை பெரிய நிகழ்வில் மிக அதிகமானோர் ஒரே நேரத்தில் அடிபட்டது, டிக்கெட் வாங்கிப் போன இடத்தில்தான்.

வாயுவைக் கண்ணால் பார்க்க முடியாது. லெய்லானிப் பிளவுகளிலிருந்து ஒரு நாளைக்கு 50,000 டன்னுக்கும் மேல் கந்தக டை ஆக்சைடு வெளிவந்தது. காற்று திரும்பிய பக்கமெல்லாம் மூச்சுத்திணறல், செடிகள் கருகல். லாவா புதைத்த மரமட்டைகள் அடியில் வெந்து மீத்தேனாக மாறி, தார்ச்சாலையின் விரிசல்களில் நீல நிறச் சுடராக எரிந்தது. கேஸ் அடுப்பின் நிறம். அதே மீத்தேன் அடைபட்டால் லாவாவின் முகப்புக்குச் சில மீட்டர் முன்னால் பாறையையே வெடித்துத் தூக்கும்.

இதையெல்லாம் மிஞ்சிய வாயுக் கதை ஐஸ்லாந்தில் இருக்கிறது. 1783 ஜூன் 8-ல் லாக்கி பிளவு திறந்தபோது, லாவா சில பண்ணைகளைத்தான் மூடியது. அதன் ஃபுளோரின் புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற ஆடுமாடுகள் செத்தன. ஆடுமாடுகளை நம்பியிருந்த நாட்டில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பஞ்சத்தில் மாண்டார்கள்.

ரசமாக ஓடினால்

லாவா நேரம் கொடுக்கும் என்று மேலே எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசில், கோமா நகரின் தலைமாட்டில் நிற்கும் நயிரகோங்கோ. அதன் லாவாவில் சிலிக்கா மிகக் குறைவு. கீலவேயாவில் பாதியளவு சிலிக்கா என்றால் இங்கே அதைவிடப் பத்துச் சதவீதப் புள்ளிகள் குறைவு. கிட்டத்தட்ட ரசம். மலையோ செங்குத்து. உச்சிப் பள்ளத்தில் அந்த ரசம் ஏரியாகவே தேங்கி நிற்கும்.

1977 ஜனவரி 10 அன்று மலையின் பக்கச்சுவர் பிளந்தது. ஏரி முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்து ஓடியது. மேற்சரிவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் இருந்ததாகக் கணக்கு. ஓட நேரமில்லை, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் மட்டும் இன்றுவரை ஒன்றுக்கொன்று ஒட்டாத கணக்குகள்.

2002 ஜனவரி 17-ல் பிளவு நகரத்தை நோக்கியே திறந்தது. லாவா விமான நிலைய ஓடுபாதையை மூடி, கடைத்தெருவைப் பிளந்து, கீவு ஏரியில் போய் விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அங்கே ஒரே இடத்தில் பலர் செத்தது லாவா வந்த நேரத்தில் இல்லை. சில நாள் கழித்து, சூடான லாவா சூழ நின்ற ஒரு பெட்ரோல் பங்கில் எரிபொருள் எடுக்கப் போன கூட்டத்துக்கு நடுவே அது வெடித்தது. 2021 மே 22 இரவு மறுபடி வந்தபோது, சுமார் 30 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தப்பி ஓடும் வண்டிகள் மோதி இறந்தவர்கள். ஆறிவிட்டது என்று நம்பி மறுநாள் கறுப்புத் தோலின் மேல் குறுக்கே நடந்தவர்களும் உண்டு.

லெய்லானியில் ஒருவரும் சாகாததற்கு லாவாவின் பதம் பாதிக் காரணம். தெருத்தெருவாகக் கதவைத் தட்ட ஆட்களும், பார்த்துக்கொண்டேயிருக்க 1912-ல் தொடங்கிய ஓர் ஆய்வகமும், ஆளுக்கொரு வண்டியும் இருந்தது மீதிக் காரணம். கோமாவில் இரண்டு பாதியும் இல்லை.

மடையை யார் வெட்டுவது?

ஆற்றைத் திருப்புகிறோமே, இதைத் திருப்ப முடியாதா என்ற கேள்வி இயல்பானது. முதலில் முயன்றவர்கள் சிசிலிக்காரர்கள். 1669-ல் எட்னாவின் லாவா கட்டானியா நகரை நோக்கி வந்தபோது, தியேகோ பாப்பலார்தோ என்பவர் சுமார் 50 பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, கடப்பாரையும் கோடரியுமாக லாவாவின் கரையை வெட்டினார்கள். மடை திறந்தது. குழம்பு புதுத்திசையில் பாய்ந்தது. அந்தத் திசையில் பத்தெர்னோ என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரார் சுமார் 500 பேர் ஆயுதத்தோடு வந்து கட்டானியாக்காரர்களை விரட்டினார்கள். வெட்டிய மடை உறைந்து மூடிக்கொண்டது. லாவா பழைய வழியே போய்க் கட்டானியாவின் மேற்குப் பகுதியை மூடியது. மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் நடக்கிற சண்டை நமக்குப் புதிதா என்ன? தண்ணீருக்குப் பதில் அங்கே தணல், அவ்வளவுதான்.

1935 டிசம்பரில் ஹவாயின் ஹீலோ நகரைக் காப்பாற்ற அமெரிக்க ராணுவ விமானங்கள் மௌனா லோவா எரிமலையின் லாவா மேல் குண்டு போட்டன. சில நாளில் லாவா நின்றது. குண்டால் நின்றதா, தானாகவே நிற்கவிருந்ததா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. பூர்வகுடி மக்களில் பலருக்கு அந்தக் குண்டுவீச்சே பிடிக்கவில்லை. அவர்களுக்கு லாவா என்பது பெலே என்ற தேவியின் நடமாட்டம். 2018-லும் சாலையின் விரிசல்களில் ‘டி’ செடியின் இலைகளைப் படையலாக வைத்தவர்கள் இருந்தார்கள். “அவள் நிலம், அவள் எடுத்துக்கொள்கிறாள்” என்று வீட்டைப் பெருக்கிவிட்டுக் கிளம்பியவர்களும் இருந்தார்கள். அம்மை கண்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்று வேப்பிலை செருகிய வீடுகளில் வளர்ந்த நமக்கு, இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றாது.

உருப்படியாக வென்றவர்கள் ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவுக்காரர்கள். 1973 ஜனவரி 23 நள்ளிரவுக்குப் பின், ஊரின் விளிம்பிலேயே பூமி பிளந்தது. முந்தைய நாள் புயல் அடித்திருந்ததால் மீன்பிடிப் படகுகள் அத்தனையும் துறைமுகத்தில் நின்றன. 5,300 பேரும் விடிவதற்குள் பெருநிலத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் லாவா துறைமுக வாயை அடைக்கப் பார்த்தது. மீன்பிடித் துறைமுகம் போனால் அந்தத் தீவில் வாழ்வதற்கே வேலையில்லை. கடல்நீரை லாவாவின் மேல் பீய்ச்சினால் முகப்பு உறைந்து தானே அணையாகிவிடும் என்று தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியலாளர் சொன்னார். முதலில் தீயணைப்புக் குழாய்கள், பிறகு கப்பல்கள், பிறகு அமெரிக்காவிலிருந்து ராட்சத பம்புகள். மாதக்கணக்கில் சுமார் 60 லட்சம் கன மீட்டர் கடல்நீர் கொட்டினார்கள். லாவா துறைமுகத்தை முழுக்க அடைக்காமல், காற்றுக்கு மறைவாக ஒரு புதுச்சுவர் கட்டிக்கொடுத்துவிட்டு நின்றது. முன்பைவிட நல்ல துறைமுகம் என்கிறார்கள். ஆறாத அந்த லாவாவின் சூட்டைக் கொண்டே பிறகு பல ஆண்டுகள் ஊர் வீடுகளைக் கதகதப்பாக வைத்திருந்தார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் கிரிண்டாவிக் ஊரைச் சுற்றிப் பெரிய மண்கரைகள் எழுப்பினார்கள். 2024 ஜனவரி 14 அன்று பெரும்பகுதி லாவாவைக் கரை திருப்பிவிட்டது. அதே நாளில் கரைக்கு உள்பக்கம், ஊரின் ஓரத்தில், சின்னதாக இன்னொரு பிளவு திறந்து மூன்று வீடுகளை எரித்தது. அடுத்த மாதம் லாவா ஒரு வெந்நீர்க் குழாயின் மேல் ஏறியது. உறைபனிக் காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் வீட்டில் வெந்நீரும் கதகதப்பும் நின்றுபோயின. அவர்கள் யார் வீட்டு வாசலுக்கும் லாவா வரவில்லை.

ரீயூனியனில் ஒரு தேவாலயம்

இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கும் நமக்கும் ரத்த உறவு. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள். அவர்களின் சந்ததியை அங்கே ‘மலபார்’ என்பார்கள். தமிழ்ப் பேச்சு தேய்ந்துவிட்டது, தீமிதி தேயவில்லை. அந்தத் தீவின் கிழக்கில் நிற்கிறது பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், உலகில் அடிக்கடி விழித்துக்கொள்ளும் எரிமலைகளில் ஒன்று. நல்லவேளையாக அதன் லாவா பெரும்பாலும் குதிரை லாடம்போன்ற மதில் சூழ்ந்த பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் விழும். அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

1977 ஏப்ரலில் அது மதிலுக்கு வெளியே பிளந்தது. பித்தோன் சேந்த் ரோஸ் கிராமத்துக்குள் இறங்கியது. மக்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். வீடுகளை எரித்துக்கொண்டு வந்த லாவா, ஊர்த் தேவாலயத்தின் வாசலுக்கு வந்து, இரண்டாகப் பிரிந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வாசற்படி வரை ஏறிய பாறை இன்றும் அங்கேயே இருக்கிறது. ‘லாவாக்களின் மாதா’ என்று தேவாலயத்துக்குப் பெயரே மாறிவிட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் பிரெஞ்சு அரசு அந்த மலைக்கு ஓர் ஆய்வகம் கட்டியது. 2007 ஏப்ரலில் பெரிய அளவில் கக்கி, கரையோர நெடுஞ்சாலையைப் பத்து மாடி உயரத்துக்கும் மேல் புதைத்தபோது, யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாறைக்கு அடியில் பட்டா

லெய்லானியில் மனை ஏன் மலிவாக இருந்தது? ஹவாய்த் தீவை லாவா ஆபத்தின்படி ஒன்பது மண்டலங்களாகப் பிரித்து 1974-லேயே வரைபடம் போட்டிருந்தார்கள். ஒன்றாம் எண்தான் மிக மோசம். லெய்லானி அந்த ஒன்றில். வழக்கமான காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடம். ஹொனலுலுவில் வாடகை கொடுத்து மாளாதவர்களும் ஓய்வூதியத்தில் ஒரு தோட்டவீடு கனவு கண்டவர்களும் அங்கே வாங்கினார்கள். வரைபடம் தெரியாமல் வாங்கியவர்கள் குறைவு. ஏரிப் புறம்போக்கை ஒட்டி மனை வாங்கும்போது நாமும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறோம்.

பாறைக்கு அடியில் போன பிறகும் மனை அவரவர் பெயரில்தான் இருந்தது. எல்லைக்கல் எங்கே என்று தேட, பல மீட்டர் பாறைக்கு மேலே அளவர் கருவி வைத்துப் புள்ளி போட வேண்டும். கடற்கரை மனைக்காரர்களின் நிலை இன்னும் விசித்திரம். லாவா அவர்கள் மனையைத் தாண்டிக் கடலுக்குள் புது நிலம் போட்டால் அது யாருக்கு? 1955 லாவா உருவாக்கிய ஏறத்தாழ எட்டு ஏக்கர் பற்றி இந்த வழக்கு ஹவாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977-ல் தீர்ப்பு வந்தது: புது நிலம் மாநிலத்துக்குச் சொந்தம். ஆக, கடல் பார்த்த வீட்டுக்காரருக்கு வீடும் போகும், கடலும் போகும்.

கபோஹோவுக்குப் போகும் நெடுஞ்சாலையை 2019 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். பாறையை வெட்டும்போது உள்ளே இன்னும் நூற்றுக்கணக்கான டிகிரி சூடு இருந்தது. விருப்பமுள்ளவர்களிடம் மனைகளைக் கவுன்ட்டி நிர்வாகமே வாங்கிக்கொள்ளும் திட்டமும் வந்தது. 8-ம் எண் பிளவுக்கு 2021-ல் ‘அஹு ஐலா ஆவ்’ என்று ஹவாய் மொழியில் பெயர் வைத்தார்கள்.

கரையோரமாகத் தெற்கே போனால் போஹோய்க்கி. பூனா வட்டார மீனவர்களுக்கு இருந்த ஒரே பொதுப் படகுத்துறை அங்கேதான். 2018 ஆகஸ்டில் லாவா அதை நோக்கி வந்து, 70 மீட்டர் தூரத்தில் நின்றுவிட்டது. துறைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் லாவா கடலில் விழுந்து பொடிந்த கறுப்பு மணலை அலை கொண்டுவந்து குடாவின் வாயை அடைத்துவிட்டது. படகு இறக்கும் சாய்தளம் அப்படியே சரிந்து இறங்கி ஒரு குட்டையில் முடிந்தது. அடியிலிருக்கும் சூட்டில் அந்தக் குட்டைத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து அதில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படகுகள் டிரெய்லரில் ஏறி, நெடுநேரம் பயணித்து, ஹீலோ துறைமுகத்துக்குப் போய்க் கடலில் இறங்கின.